சுவர்ப்படமும் சித்திரக்காரனும்

தோட்டத்து லயங்களிலே பிறந்து வளர்ந்தவர் எவரும் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார். வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரிலே ஒரு பலகை. அப்பலகையின்மீது ஒரு விளக்கு. விளக்கின் பின்னே, புகைபடிந்த கண்ணாடிக்குள் இலட்சுமியோ, சரஸ்வதியோ, மயிலேறிய முருகனோ வீற்றிருப்பர். அரிசிக்குக் கணக்குண்டு, மண்ணெண்ணெய்க்குக் கணக்குண்டு, பால் வெட்டுக்கும் கணக்குண்டு. அந்தப் படத்திற்கு மட்டும் கணக்குக் கேட்டவர் இலர். அதை வரைந்தவர் யார்? எந்த ஊரில் அச்சாயிற்று? வரைந்தவருக்கு என்ன கிடைத்தது? இக்கேள்விகளை நாம் கேட்டதுண்டா? கேட்டதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

இதை எழுதுபவன் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கில வழியிலே பயின்றவன். இத்தாலி தேசத்து லியோனார்டோவையும், காதறுத்துக்கொண்ட வான்கோவையும் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தவன். ஆனால் தன் பாட்டி நாள்தோறும் கைகூப்பி நின்ற படத்தை வரைந்தவன் யார் என்பதை அறியாதவன். இந்த அறியாமை எவ்விதம் வெளிப்பட்டது என்பதைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் பழைய லயமொன்றை இடித்தார்கள். அங்கிருந்து வெளியேறிய மூதாட்டி ஒருவர், துணியிற் சுற்றிய படமொன்றை ஆபீசுக்குக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். தாமரைமேல் நிற்கும் இலட்சுமி. புடவைக் கரையின்மீது உண்மையான ஜரிகையை வைத்து யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள். “கிராணி ஐயா, இது எங்க அம்மா கப்பல்ல வந்தப்போ கொண்டாந்தது. கீழே இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கு. படிச்சுச் சொல்லுங்க,” என்றார். பொடி எழுத்துக்களை உற்றுநோக்கிப் படித்து, “ரவிவர்மா என்று போட்டிருக்கிறது, பாட்டி,” என்றேன். “அது யாரு? சாமி பேரா?” என்று கேட்டார். “படம் போட்டவர் பெயர்,” என்றேன். “எந்த ஊருக்காரரு?” என்று மீண்டும் கேட்டார். அதற்குமேல் எனக்கு விடை தெரியவில்லை. எழுத்தறியாத அம்மையார் கேட்ட கேள்விக்கு எழுத்தறிந்தவன் விழித்து நின்றேன். அன்று தேடத் தொடங்கியவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

இரவிவர்மா 1848-ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் இராச்சியத்துக் கிளிமானூரிலே பிறந்தார். அவருடைய தாய்மாமன் இராஜராஜவர்மா தஞ்சாவூர்ப் பாணியிலே சித்திரம் வரையப் பழகியவர். சுவரெல்லாம் கரியால் கிறுக்கிய சிறுவனைக் கடிந்துகொள்ளாமல், கைப்பிடித்துக் கற்பித்தவர் அவரே. 1862-இல், பதினான்காம் வயதில், அச்சிறுவன் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டான். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது. ஆனால் எண்ணெய் வர்ணத்தைக் கையாளும் வித்தை மட்டும் எளிதிற் கிடைத்துவிடவில்லை. அவ்வித்தையை அறிந்த அரண்மனை ஓவியர் மதுரை இராமசாமி நாயுடு அதைக் கற்பிக்க மறுத்தார். அவரிடம் உதவியாளராயிருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவரே, தம் எசமானருக்குத் தெரியாமல் இரவிவர்மாவுக்கு இரகசியமாகக் கற்றுக் கொடுத்தார் என்று வரலாறு கூறுகிறது. பின்னர் 1868-இல் தியோடர் ஜென்ஸன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்கவில்லை, தாம் வரையும்போது பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தார்.

வாசகர்கள் இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டும். வித்தையை மறைத்து வைப்பது நம் நாட்டுப் பழைய நோய். தந்தை மகனுக்கன்றிப் பிறனுக்குச் சொல்லான். ஒரு ஜாதியார் மறு ஜாதியாருக்குக் காட்டார். இந்நோய்க்கு அரச குடும்பத்தோடு உறவுடைய இரவிவர்மாவே தப்பவில்லையென்றால், ஏழையின் பிள்ளை எங்கே கற்பது? ஆறுமுகம் பிள்ளை என்னும் அத்தமிழர் இரவில் திறந்துவிட்ட சிறு கதவு இல்லாதிருந்தால், நம் சுவர்ப்படங்களின் வரலாறே வேறாக இருந்திருக்கக்கூடும். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

இப்படி மூன்று ஊற்றுக்களிலிருந்து ஊறியது இரவிவர்மாவின் கலை. தஞ்சாவூர்ப் பாணியின் பொன்னும் மணியும் ஒன்று. ஐரோப்பிய எண்ணெய் வர்ணத்தின் ஒளியும் நிழலும் மற்றொன்று. அக்கால நாடக மேடையிலே பாத்திரங்கள் நிற்கும் நிலையும், கை நீட்டும் தோரணையும், பின்னே தொங்கும் திரையும் மூன்றாவது. இவற்றைக் கலந்து, புராணத்துப் பெண்களை இரத்தமும் சதையும் உள்ளவர்களாக அவர் எழுதினார். 1873-இல் சென்னைக் கண்காட்சியிலே தங்கப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு வியன்னா நகரத்துக் கண்காட்சியிலும் பரிசு பெற்றார். 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அவருடைய பத்துப் படங்கள் வைக்கப்பட்டுப் பரிசு பெற்றன. பரோடா மகாராஜாவுக்காகப் பதினான்கு புராணப் படங்கள் எழுத ஒப்பந்தமானபோது, நாட்டின் பல பாகங்களுக்கும் பயணஞ் செய்து பெண்களின் உடைகளை ஆராய்ந்தார். இன்று இலட்சுமி என்றவுடன் நம் மனக்கண்ணில் புடவையுடுத்திய ஒரு பெண்ணுருவம் தோன்றுகிறதே, அவ்வுருவத்தை இந்தியா முழுவதும் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் அவரே.

ஆனால் இவையெல்லாம் அரண்மனைக் கதை. அரண்மனைச் சுவரிலிருந்த இலட்சுமி, கோலசிலாங்கூர்த் தோட்டத்து லயத்துச் சுவருக்கு வந்தது எவ்வாறு?

கும்பகோணத்திற் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாகப் பணியாற்றிய சர் டி. மாதவராவ் 1884-இல் இரவிவர்மாவுக்கு ஓர் யோசனை எழுதினார். உம் படத்தை விரும்புவோர் பலர். உமக்குள்ள கைகளோ இரண்டே. ஆகையால் சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ண அச்சாக்குவீராக. உமது புகழும் பரவும், நாட்டிற்கும் நன்மையாகும் என்பது அதன் கருத்து. ஐரோப்பாவுக்கு அனுப்புவதைவிட அச்சகத்தை இங்கேயே நிறுவுவது மேல் என்று இரவிவர்மா பின்னர் முடிவு செய்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் எழுந்தது. ஜெர்மனியிலிருந்து யந்திரங்களும் தொழில் வல்லாரும் வந்தனர். தம்பி சி. இராஜராஜவர்மா நிர்வாகத்தில் துணை நின்றார். சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படமே முதலில் அச்சேறியதாகும்.

அத்தொழில் நடந்த விதத்தையும் அறிந்துகொள்வது நன்று. 1796-இல் ஜெர்மானியராகிய அலோய்ஸ் செனெஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த மையால் வரைவார்கள். கல்லை நனைத்தபின் அச்சு மையை உருட்டினால், வரைந்த இடம் மையைப் பற்றிக்கொள்ளும். நனைந்த இடம் தள்ளிவிடும். பல நிறப் படமாயின், நிறத்துக்கொரு கல் வேண்டும். ஒரே காகிதம் ஒவ்வொரு கல்லின்மேலும் மயிரிழையும் பிசகாமற் படிந்தெழ வேண்டும். இறுதியில் எண்ணெய்ப் பூச்சிட்டு, ஓவியத் துணியின் இழைபோன்ற வரிகளையும் அழுத்திவிட்டால், அசல் எண்ணெய் ஓவியம்போலவே தோன்றும். ஆகவே, நாம் ஒருவர் வரைந்ததாகக் கருதும் படத்தில் உண்மையிற் பலருடைய கைகள் இருந்தன. கல்லில் நிறம் பிரித்து வரைந்த அத்தொழிலாளரின் பெயர்களைப் படத்தின் அடியிலே காண முடியாது.

வியாபாரம் அவருக்கு இலாபகரமாக அமையவில்லை. 1896-இல் பம்பாயிற் கொள்ளைநோய் தோன்றியது. 1899-இல் அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. கடன் சுமை மிகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சகத்தை, படங்களை அச்சிடும் உரிமையோடு, அங்கே பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். 1906-இல் இரவிவர்மா காலமானார். அச்சகமோ தொடர்ந்து நடந்தது. அவர் பெயரைத் தாங்கிய படங்கள் கப்பலேறின. 1972-இல் தீக்கிரையாகும்வரை அந்த அச்சகம் நீடித்தது. சித்திரக்காரன் கடன்பட்டான், சித்திரம் இலட்சக்கணக்கான வீடுகளை ஆண்டது. இம்முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இப்படங்களால் விளைந்தது நன்மையா, தீமையா? ஆனந்த குமாரசுவாமி போன்ற கலை ஆராய்ச்சியாளர் இரவிவர்மாவை நாடகப் பாங்கானவர், மேனாட்டாரைப் பின்பற்றியவர் என்று கடிந்தெழுதினர். இன்னொரு சாரார், மூடபக்தியை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்த யந்திரம் இது என்பர். தெய்வமகள் என்றால் வெளுத்த நிறத்தவள் என்னும் எண்ணத்தை, கருத்த நிறமுடைய மக்களின் நெஞ்சிலே பதித்தது இதுவே என்றும் கூறுவர். இக்கூற்றுக்களில் உண்மை இல்லாமலில்லை. கறுப்பாகப் பிறந்த பெண் குழந்தையைக் கண்டு முகஞ்சுளிக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறதல்லவா? சுவரில் வைத்த அழகே வாழ்விலும் அளவுகோலாகிவிடுகிறது.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயிற் கதவைத் திறந்துவிட்ட பிரகடனம் 1936-இல்தான் வந்தது. மதுரை மீனாட்சி கோயிலினுள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939-இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னமேயே இந்த அச்சுப்படம் வெளிவந்துவிட்டது. கோயிலைப்போல அது, “நீ எந்த ஜாதி?” என்று கேட்கவில்லை. காசு கொடுத்தவன் கையிலெல்லாம் ஏறிற்று. சந்நிதியில் எட்ட நிறுத்தப்பட்டவன், தன் குடிசையிலே தன் கையாலேயே விளக்கேற்றினான். இடையிலே தட்டேந்தி நிற்க ஒருவரும் தேவைப்படவில்லை. இரவிவர்மா இதை நினைத்துச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அச்சு யந்திரம் என்பது, தன்னை நிறுவியவன் நினையாத வேலையையும் செய்துவிடும் என்றே சொல்லுகிறோம்.

அவ்வச்சகத்திலே தொழில் பழகியவர்களில் ஒருவரான தாதாசாகேப் பால்கே, 1913-இல் இராஜா ஹரிச்சந்திரா என்னும் மௌனப் படத்தை எடுத்து இந்தியச் சினிமாவுக்கு வழிவகுத்தார். சுவரில் நின்ற உருவங்கள் திரையிலே நடக்கத் தொடங்கின.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1923-இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீக்குச்சித் தொழிலைத் தம் ஊரிலே தொடங்கினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு வர்ண அச்சு வேண்டும். இவ்வாறு தீப்பெட்டியின் பின்னே அச்சுத் தொழில் வந்தது. அச்சுத் தொழிலின் பின்னே நாட்காட்டி வந்தது. அந்நாட்காட்டிகளுக்குச் சித்திரம் தந்தவர்களில் தலையாயவர் சி. கொண்டையராஜு. 1898-இற் பிறந்த இவர், சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்றவர்; சில காலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் தங்கியவர்; பிறகு நாடகக் கம்பெனியிலே திரைச்சீலை எழுதியவர். 1940-களில் கோவில்பட்டியில் நிலையாகத் தங்கினார். தம்மிடம் வந்த இளைஞர்களுக்கு வித்தையை ஒளிக்காமற் கற்பித்தார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் அவர் வழியில் வந்தவர்கள். இராமசாமி நாயுடு மூடிய கதவைக் கொண்டையராஜு திறந்து வைத்தார் என்றே சொல்லலாம். 1976-இல் அவர் மறைந்தார்.

நாட்காட்டிப் படத்தின் வியாபார முறை இரவிவர்மாவின் முறையினின்றும் வேறானது. அதைப் பெறுகிறவர் விலை கொடுப்பதில்லை. மளிகைக் கடைக்காரரோ, நகைக் கடைக்காரரோ மொத்தமாக வாங்கித் தம் பெயரைப் பொறித்து, வாடிக்கைக்காரருக்கு இனாமாகக் கொடுப்பார். ஆகவே கடையின் பெயர் கை அகல எழுத்திலும், சித்திரக்காரன் பெயர் எறும்பளவு எழுத்திலும் இருக்கும். பல படங்களில் அதுவும் இராது. நம் பெஸ்தாரி ஜெயாவிலும், பத்தாங்காலியிலும், ராசாவிலும், கோலசிலாங்கூரிலும் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் கடைக்காரர் சுருட்டிக் கொடுத்த படங்கள் இவ்வகைப்பட்டவையே. வருடம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு வைத்துக்கொண்டோம்.

இவ்விஷயம் பழங்கதையன்று, இன்று நம் பிள்ளைகளைத் தொடும் விஷயம். எனக்குத் தெரிந்த இளைஞரொருவர், தோட்டத்திற் பிறந்தவர். கணினியிலே சித்திரம் வரைபவர். தெய்வங்களை அவர் வரைவதில்லை. விடியற்காலைப் பெரட்டு, தலையில் விளக்குக் கட்டிய பால்வெட்டுப் பெண், செம்பனைக் குலை சுமந்த தோள், புக்கிட் மெலாவத்தியின் கலங்கரை விளக்கம், கம்போங் குவந்தான் ஆற்றோரத்து மின்மினி மரங்கள் ஆகியவையே அவருடைய பொருள்கள். கோவில்பட்டி நாட்காட்டியின் தடித்த நிறங்களும், சினிமாச் சுவரொட்டியின் எழுத்துக்களும் அவர் படத்திலே கலந்திருக்கும். அவற்றை நல்ல காகிதத்தில் அச்சிட்டு இணைய வழியாக விற்கிறார். சிலவற்றுக்கு ஐம்பது படி மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எண்ணிட்டுக் கையொப்பமிடுகிறார். மற்றவற்றைக் கேட்டவர்க்கெல்லாம் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். அரண்மனைக்கு ஒன்றும் ஏழை வீட்டுக்கு ஒன்றுமாக இரவிவர்மா செய்ததை, இவர் ஒரு மேசையின்முன் அமர்ந்தே செய்கிறார். கல்லும் வேண்டாம், ஜெர்மனி யந்திரமும் வேண்டாம், கேட்டபின் அச்சிட்டால் போதுமாதலால் கடனுக்கும் அவ்வளவாக வழியில்லை.

அவரிடம் ஒரு வியாபாரி நாட்காட்டிக்கென்று ஒரு படம் கேட்டார். இருநூறு வெள்ளி கொடுத்தார். மறு வருடம் அதே படம் பலகாரப் பெட்டியிலும் துணிப்பையிலும் ஏறியிருந்தது. இளைஞர் சென்று கேட்டதற்கு, “காசு வாங்கிவிட்டாயே தம்பி, அப்புறம் என்ன?” என்று விடை வந்தது. அவர் என்னிடம் வந்து வருந்தினார். நான் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்லுகிறது? பிறர் கேட்டுக்கொண்டதன்பேரில் வரையப்பட்ட படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கேட்டவருக்கே சென்றுவிடும் என்கிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் கூலி பெற்று வரைந்த சித்திரத்தைப் பற்றி ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. வியாபாரியின் சொல் நமக்குக் கசப்பாயினும், எழுத்து மூலமான உடன்பாடு இல்லாத இளைஞர் பக்கம் சட்டம் நிற்கவில்லை.

சித்திரம் வரையும் நம் இளைஞர்களும் யுவதிகளும் இதை நன்கு கருதுவார்களாக. யாரும் கேளாமல் நீங்களாக வரைந்த படம் உங்களுடையது. நீங்கள் வாழும் காலமும் அதற்குப்பின் ஐம்பது ஆண்டுகளும் இந்நாட்டுச் சட்டம் அதைக் காக்கிறது. பிறர் கேட்டு வரைவதாயின், எதற்காக, எத்தனை காலத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதை ஒரு தாளிலே எழுதி இருவரும் கையொப்பமிட்ட பின்னரே தொடங்க வேண்டும். ஒரு பக்கம் போதும். நாட்காட்டிக்கு மட்டும் என்றால் நாட்காட்டிக்கு மட்டும் என்று எழுதுக. படத்தின் மூலையிலே பெயரைத் தெளிவாகப் பொறித்திடுக. இது செருக்கன்று. செக்ரோலிலே தன் பெயர் விடுபட்டால் எந்தத் தொழிலாளியாவது பொறுப்பாரா? பெயர் இல்லாத இடத்தில் கூலியும் இல்லை என்பதை ஒவ்வொரு மாதமும் கணக்கெழுதும் கிராணி நன்கறிவான்.

வாங்குவோராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. நம் வட்டாரத்தின் பெயர் உலகத்தின் காதில் விழாததன்று. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தென்னமாரம் தோட்டத்திலே செம்பனையை நட்டார். இந்நாட்டிலே வியாபாரத்திற்காகச் செம்பனை பயிரிட்டது அங்கேதான் முதலில் என்பர். அவரே 1930-இல் மலாயா வாழ்வைப் பற்றிய நாவலொன்றுக்காகப் பிரான்சு தேசத்தின் கொன்கூர் பரிசைப் பெற்றார். துரை எழுதினார், உலகம் படித்தது. ஆனால் அந்தச் செம்பனையை நட்டுத் தண்ணீர் வார்த்த கைகளை வரைந்த சித்திரம் ஒன்றாவது நம் சுவரில் இருந்ததா? நூறு ஆண்டுகளாகத் தெய்வங்களுக்கும், தலைவர்களுக்கும், நடிகர்களுக்கும் ஆணியடித்தோம். நம்மைப் பெற்றவர்களின் உழைப்புக்கு ஓர் ஆணி அடித்தோமில்லை. லயங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பால்மரங்கள் மறைந்தே விட்டன. இன்று வரையாவிடில், வரைவதற்குக் கண்டவர்கள் நாளை இருக்கமாட்டார்கள். அதை வரைகின்ற பிள்ளையிடம், “ஒரு படம் சும்மா அனுப்பு தம்பி,” என்று கேட்பது அழகா? திருமணப் பந்தலுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டுகிறவர்கள், அந்தப் புதுமனைச் சுவருக்கென முப்பது வெள்ளிக்கு ஒரு படம் வாங்கினால் குறைந்துபோவார்களா?

தேடி அறிந்தபின் அந்த மூதாட்டியின் புதிய வீட்டுக்குச் சென்றேன். படம் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. இரவிவர்மாவைப் பற்றிச் சொன்னேன். இரகசியமாகக் கற்பித்த ஆறுமுகம் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு படத்தைக் கழற்றித் திருப்பி என் முன் வைத்து, “இங்கே அவரு பேரைத் தமிழ்ல எழுதுங்க, ஐயா. பேரப் புள்ளைங்க படிக்கட்டும்,” என்றார். எழுதினேன். “கீழே எங்க அம்மா பேரையும் எழுதுங்க. ஜரிகை தச்சது அவங்கதான்,” என்றார். அதையும் எழுதினேன்.

வாசகர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் சுவரிலுள்ள படத்தின் அடியைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே பெயர் இருந்தால் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். இல்லையாயின், அடுத்த படத்தை வாங்கும்போது முதலில் வரைந்தவர் பெயரைக் கேளுங்கள். பின்னர் விலையைக் கேளுங்கள்.